அரை டேங்கில் நின்றுபோகும் படகு

கேள்வி: என்னிடம் 3.5 சிசி குளோ என்ஜின் (மெத்தனாலில் ஓடி, குளோ பிளக்கின் சூடான கம்பியால் பற்றவைப்பது) பூட்டிய ரேடியோ கண்ட்ரோல் படகு இருக்கிறது. தண்ணீரால் குளிரும் ஹெட், டியூன்டு பைப் (புகை வெளியேறும் குழாய்), 150 மில்லி பிளாஸ்டிக் டேங்க். எரிபொருளில் 20 சதவீதம் நைட்ரோ (நைட்ரோமீத்தேன்). ஸ்டார்ட் ஆனதும் ஒன்றரை, இரண்டு நிமிடம் அருமையாக ஓடுகிறது. பிறகு சத்தம் கீச்சென்று ஏறி, சட்டென்று நின்றுவிடுகிறது. வலப்பக்கம் திரும்பும்போது இன்னும் சீக்கிரமாகவே நிற்கிறது. டேங்கில் பாதிக்கு மேல் எரிபொருள் மிச்சம் இருக்கும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் பத்து வினாடிகூட ஓடாது. டேங்கை நிரப்பிவிட்டால் பழையபடி ஓடும். மூன்று குளோ பிளக் மாற்றிவிட்டேன். மெயின் நீடிலை (எரிபொருள் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) மூன்றரைச் சுற்றிலிருந்து ஐந்து சுற்று வரை திறந்துவிட்டேன். இப்போது கரையில் புகை கக்கித் திணறுகிறது, தண்ணீரில் அதே கதைதான். கார்புரேட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியே நோயைச் சொல்லிவிடுகிறது: டேங்கை நிரப்பினால் பழையபடி ஓடுகிறது. கார்புரேட்டர் கெட்டிருந்தால் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பிளக் பலவீனமாக இருந்தாலும் அப்படியே. என்ஜின் சூடேறி நிற்பதாக இருந்தால், நிரப்பிய உடனே ஓடாது, ஆறிய பிறகுதான் ஓடும். எரிபொருள் மட்டம் இறங்கும்போது மட்டும் வருகிற கோளாறு டேங்குக்கு உள்ளேயோ, டேங்குக்கு அழுத்தம் கொடுக்கும் லைனிலோதான் இருக்க முடியும்.

சத்தம் கீச்சென்று ஏறுவது லீன் ஆவதன் அடையாளம். காற்றுக்கு ஏற்ற எரிபொருள் வரவில்லை. அதனால் நீடிலைத் திறந்தீர்கள். எல்லோரும் செய்வது அதுதான், தவறும் அதுதான். நீடில் ஒரு குழாய்த் திருகு மட்டுமே. அதற்கு முன்னால் காற்றுக் குமிழி வந்தால், எவ்வளவு திறந்தாலும் குமிழிதான் வரும். டேங்க் நிறைந்திருக்கும்போது ஐந்து சுற்று மிக அதிகம், ஆகவே கரையில் திணறல். மட்டம் இறங்கியதும் அதே ஐந்து சுற்று போதவில்லை. இரண்டு நிலைகளுக்கும் பொருந்தும் ஒரு நீடில் அளவு கிடையாது. மூன்று பிளக் போனதும் இதன் விளைவுதான்: லீன் ஓட்டத்தின் சூட்டில் பிளாட்டினக் கம்பி சுருங்கி, வெளுத்து, அறுந்துவிடும்.

சிறு அடைப்பும் சிறு ஓட்டையும் குளோ என்ஜினை இவ்வளவு பாடுபடுத்துவதற்குக் காரணம் அதன் எரிபொருளின் பெரும்பகுதியான மெத்தனாலின் கணக்கு. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு கிராம் மெத்தனாலுக்கு ஆறரை கிராம் போதும், நைட்ரோமீத்தேனுக்கு இரண்டு கிராம்கூட வேண்டாம். புரட்டிப் பார்த்தால், அதே அளவு காற்றை இழுக்கும் என்ஜினுக்கு பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருள் போய்ச் சேர வேண்டும். அந்த எரிபொருளில்தான் மசகு எண்ணெயும் கலந்திருக்கிறது. ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி தருவதும் அதே மெத்தனால்தான். வரத்து குறைந்தால் தீனி, எண்ணெய், குளிர்ச்சி மூன்றும் ஒரே நேரத்தில் குறைகின்றன. லீனாகப் பத்து வினாடி ஓடுவது பிஸ்டனுக்கும் லைனருக்கும் செய்யும் கேட்டை, ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) ஒரு நாள் முழுக்க ஓடினாலும் செய்யாது. ஆகவே காரணம் தெரியும்வரை படகைத் தண்ணீரில் விடாதீர்கள்.

முதல் சோதனைக்கு என்ஜின் ஓடவே வேண்டியதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் 50 அல்லது 60 மில்லி சிரிஞ்சு ஒன்று, ஒளி ஊடுருவும் சிலிகோன் டியூப் கொஞ்சம், இவை போதும். ஊசி தேவையில்லை. டேங்கைப் பாதி நிரப்புங்கள், அதாவது கோளாறு தலைகாட்டும் மட்டத்துக்கு. பைப்பிலிருந்து டேங்குக்கு அழுத்தம் கொண்டுவரும் பிரஷர் லைனைக் கழற்றித் திறந்து வையுங்கள், டேங்குக்குள் காற்று போக வழி வேண்டும். கார்புரேட்டர் முனையில் எரிபொருள் டியூபைக் கழற்றி சிரிஞ்சில் மாட்டி, மெதுவாக இழுங்கள். 150 மில்லி டேங்க் ஐந்து நிமிடத்தில் காலியாகும் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 30 மில்லி. அந்த வேகத்தில் இழுத்தால் போதும். அவசரப்பட்டு இழுத்தால் சிரிஞ்சுக்குள் வெற்றிடம் உண்டாகி, இல்லாத குமிழியெல்லாம் தெரியும். வாயால் உறிஞ்சிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அது வேண்டாம். 2024-இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தோடு உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இதை மூன்று நிலைகளில் செய்யுங்கள். முதலில் டேங்க் சமமாக. பிறகு முன்பக்கம் சற்றே தூக்கி, படகு வேகமெடுக்கும்போது எரிபொருள் பின்னுக்குப் போவதுபோல. கடைசியாக, இடப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து. படகு வலப்பக்கம் திரும்பினால் உள்ளிருக்கும் எரிபொருள் இடப்பக்கச் சுவரில்தான் போய் ஒதுங்கும். உங்கள் வலப்பக்கத் திருப்பத்தை மேசைமேலேயே உண்டாக்குகிறோம்.

சமமாக வைத்தபோதே குமிழி வந்தால், டேங்குக்குள் எரிபொருளை எடுக்கும் உள்டியூபில் எரிபொருள் மட்டத்துக்கு மேலே எங்கோ ஓட்டையோ வெடிப்போ இருக்கிறது. ஓட்டை எரிபொருளில் மூழ்கியிருக்கும் வரை அதன் வழியாகவும் எரிபொருளே போகும், யாருக்கும் தெரியாது. மட்டம் அதற்குக் கீழே இறங்கிய அந்த நொடியில் காற்று நுழையும். உங்கள் படகு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்பது இதனோடு அச்சாகப் பொருந்துகிறது. சாய்த்தபோது மட்டும் குமிழி வந்தால் டியூப் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் நுனியிலுள்ள எடைக்குண்டு, கிளங்க் என்பார்களே, அது எரிபொருள் போகும் பக்கம் போகாமல் எங்கோ சிக்கிக் கிடக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இப்போது டேங்கைக் கழற்றலாம். ரப்பர் அடைப்பானின் நடுத்திருகைத் தளர்த்தி, பித்தளைக் குழாய்களோடு வெளியே எடுங்கள். உள்டியூபை, முக்கியமாகப் பித்தளை முனையில் மாட்டியிருக்கும் இடத்தை, நகத்தால் விரித்துப் பாருங்கள். பத்தில் எட்டு முறை வெடிப்பு அங்கேதான். அறுத்த பித்தளைக் குழாயின் கூர் விளிம்பை யாரும் மழுக்கியிருக்க மாட்டார்கள். படகின் அதிர்வில் அது சிலிகோனை உள்ளிருந்து அறுத்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், கிளங்க் பக்கத்தை விரலால் அடைத்துக்கொண்டு, மறுமுனையில் காலி சிரிஞ்சால் காற்றை அழுத்தி, ஒரு கிண்ணம் தண்ணீரில் அமிழ்த்துங்கள். டேங்கை மூடிய நிலையில் முழுசாகத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தால் இந்த ஓட்டை அகப்படாது. உள்ளே கசியும் காற்று உள்ளேயே இருந்துவிடும். "பக்கெட்டில் போட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

டியூபைப் பழுதுபார்க்காதீர்கள், மாற்றுங்கள். 3.5 சிசிக்கு உள்விட்டம் 2.4 மிமீ சிலிகோன் டியூப் 3.2 மிமீ பித்தளைக் குழாயில் இறுகப் பிடிக்கும். பித்தளை விளிம்பை 400 நம்பர் உப்புத்தாளால் உள்ளும் புறமும் மழுக்கி, தூளைக் கழுவிவிட்டு மாட்டுங்கள். டியூபின் நீளத்தில் கவனம் வேண்டும்: கிளங்க் பின்சுவரைத் தொடக்கூடாது, 5 மிமீ இடைவெளி இருக்கட்டும். டேங்கை எப்படிப் புரட்டினாலும் கிளங்க் 'டக்' என்று அந்தப் பக்கம் போய் விழும் சத்தம் கேட்க வேண்டும். நீளம் கூடினால் அது பின்மூலையில் மாட்டிக்கொள்ளும். படகு அலையில் மூக்கைக் குத்தி திடீரென்று நின்றால், கிளங்க் முன்பக்கம் பாய்ந்து டியூபை மடித்துக்கொண்டு அங்கேயே கிடப்பதும் உண்டு. ஒவ்வொரு குட்டிக்கரணத்துக்குப் பிறகும் டேங்கைக் குலுக்கிக் கேட்பது நல்ல பழக்கம். பெட்ரோலுக்கு விற்கும் டியூபை இங்கே மாட்ட வேண்டாம். அதுபோலவே இந்த சிலிகோனைப் பெட்ரோல் என்ஜினில் மாட்டினால் அது உப்பிக் கெட்டுவிடும்.

வட்டமடிக்கும் பந்தயப் படகுகளில் திருப்பம் பெரும்பாலும் வலப்பக்கமே என்பதால், சிலர் கிளங்கை எடுத்துவிட்டு, வளைத்த பித்தளைக் குழாயை இடது பின்மூலையின் அடியில் நிலையாக வைத்துவிடுவார்கள். குளத்தில் இரண்டு பக்கமும் திருப்பி ஓட்டுபவருக்கு அது உதவாது. உங்களுக்கு நல்லது இரண்டாவது ஒரு குட்டி டேங்க், ஹாப்பர் என்பது. 30 முதல் 40 மில்லி கொள்ளளவு. பெரிய டேங்கிலிருந்து வரும் எரிபொருள் ஹாப்பரின் மேல்பக்கமாக நுழையும், கார்புரேட்டருக்குப் போகும் குழாய் அதன் அடியிலிருந்து எடுக்கும். திருப்பத்தில் பெரிய டேங்க் ஒன்றிரண்டு விழுங்கு காற்றை அனுப்பினாலும் அது ஹாப்பரின் உச்சியில் தங்கிவிடும், என்ஜினுக்கு எட்டாது. ஒரு நிபந்தனை: கிளம்பும் முன் ஹாப்பர் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். ஆனால் உள்டியூப் ஓட்டையோடு ஹாப்பரை மாட்டினால், நோய் இரண்டு நிமிடத்துக்குப் பதில் மூன்றாம் நிமிடத்தில் வரும், அவ்வளவுதான்.

குமிழியின் வடிவத்தையும் பாருங்கள். தனித்தனியாக, கண்ணாடி மணிபோல் வருவது ஓட்டையின் குமிழி. சோடாவைப்போல் நுண்ணியதாக, டியூப் முழுக்க வெளுத்துத் தெரிவது நுரை. அதிர்வினால் டேங்கில் எரிபொருள் கடைபட்டு நுரைத்திருக்கிறது. இது சிரிஞ்சு சோதனையில் தெரியாது, என்ஜின் ஓடும்போதுதான் தெரியும். டேங்கைப் படகின் அடித்தட்டில் நேரடியாக ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டு, அடியிலும் பக்கங்களிலும் 6 முதல் 10 மிமீ தடிமனுள்ள ஸ்பாஞ்ச் வைத்து, இறுக்காமல் ரப்பர் வளையத்தால் பிடிக்கவும். பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிவிட்டால் ஸ்பாஞ்ச் வைத்ததற்கு அர்த்தமில்லை.

மூன்று நிலையிலும் ஒரு குமிழிகூட வரவில்லையா? அப்போது சந்தேகம் பிரஷர் லைனுக்கு நகர்கிறது. பைப்பின் அழுத்தம்தான் டேங்கிலிருந்து எரிபொருளைத் தள்ளுகிறது. நிறைந்த டேங்கில் மட்டம் உயரமாக இருப்பதால் அழுத்தம் குறைந்தாலும் சமாளித்துவிடும். பாதிக்குக் கீழே போனதும் மூச்சு வாங்கும். பைப்பில் இந்த லைன் மாட்டும் நிப்பிளின் துளை, எரிபொருளில் மசகாகக் கலந்த ஆமணக்கெண்ணெய் கருகி அடைபடுவது சாதாரணம். லைனை டேங்க் முனையில் கழற்றி, சிரிஞ்சால் பைப் பக்கம் காற்றை அழுத்திப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். தடை தெரிந்தால் நிப்பிளைக் கழற்றி, துளைக்குச் சரியான டிரில் பிட்டைக் கையால் சுழற்றிக் கரியை எடுங்கள். மெஷினில் போட்டுத் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

பக்கெட் சோதனை பயன்படும் இடம் இதுதான். டேங்கை முதலில் கழுவிவிட்டு, ஒரு குழாய் தவிர மற்றவற்றை அடைத்து, அதன் வழியாக 20 மில்லி காற்றை அழுத்தி, தண்ணீருக்கடியில் அரை நிமிடம் வையுங்கள். அடைப்பானைச் சுற்றியோ பிளாஸ்டிக் தையல் விளிம்பிலோ குமிழி கிளம்பினால் அழுத்தம் அங்கே வீணாகிறது. அடைப்பான் என்றால் நடுத்திருகைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், ரப்பர் கெட்டித்திருந்தால் மாற்றுங்கள். தையல் என்றால் டேங்கையே மாற்றுங்கள். எந்தப் பசையும் நைட்ரோவிடம் நெடுநாள் நிற்பதில்லை. முடிந்ததும் தண்ணீரை முழுக்க வடித்து, சிறிது எரிபொருளால் அலசிக் கொட்டிவிடுங்கள். மெத்தனால் தண்ணீரோடு கலந்துவிடும், பெட்ரோலைப்போல் தனியாகப் பிரிந்து நின்று காட்டிக்கொடுக்காது.

இதே காரணத்தால் பிரஷர் லைனைப் பைப்பிலிருந்து மேலே ஏற்றி, ஒரு வளைவு கொடுத்து டேங்குக்குக் கொண்டுபோங்கள். படகு கவிழ்ந்து பைப்பில் தண்ணீர் புகுந்தால் அது இந்த லைன் வழியாகத்தான் டேங்கை எட்டும். கவிழ்ந்த படகின் எரிபொருளை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். இந்த லைனில் ஒருவழி வால்வு போடச் சொல்லும் ஆலோசனையும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். அதை ஏற்பதற்கில்லை. ஆமணக்கெண்ணெய் பிசினில் அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத நாளிலும், த்ராட்டிலை மூடிய பிறகு டேங்கில் தங்கும் அழுத்தம் என்ஜினை எரிபொருளில் மூழ்கடிக்கும்.

டேங்கின் உயரத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டர் ஜெட்டின் மட்டத்தில், அல்லது 5 முதல் 10 மிமீ கீழே இருக்கலாம். மேலே இருந்தால், நிறுத்தி வைத்திருக்கும்போதே எரிபொருள் தானாக வடிந்து என்ஜினுக்குள் இறங்கும். ஐந்து சுற்று திறந்த நீடிலோடு இது உங்களுக்கு இப்போதே நடந்துகொண்டிருக்கலாம். ஃப்ளைவீல் திடீரென்று இறுகி நகர மறுத்தால் ஸ்டார்ட்டரால் முறுக்காதீர்கள். திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி, துளைமேல் துணியை மூடி, படகைக் கவிழ்த்து ஃப்ளைவீலைக் கையால் சுற்றி வடித்துவிடுங்கள். அப்போது இக்னைட்டர் (பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி) பிளக்கோடு சேர்ந்திருக்க வேண்டாம், பக்கத்திலும் இருக்க வேண்டாம். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

ஃபில்டர் ஒன்று போதும், டேங்குக்கும் நீடிலுக்கும் நடுவில். அதன் திருகு மூட்டில் உள்ள ஓ-ரிங் காய்ந்திருந்தால் அங்கே ஈரம் கசிந்திருக்கும், விரலால் தடவினாலே தெரியும். நீடிலை முழுக்கக் கழற்றி, அது உட்காரும் துளையின் வழியாகச் சுத்தமான மெத்தனாலை சிரிஞ்சால் பாய்ச்சிவிடுங்கள். துணி நூலிழை ஒன்று அங்கே குறுக்கே கிடந்தால், அது படுத்தும் பாடு அடைப்பு மாதிரியும் இருக்கும், கசிவு மாதிரியும் இருக்கும். நீடில் தொட்டாலே ஆடுகிறது என்றால் அதன் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள்.

இவையெல்லாம் சரியான பிறகுதான் நீடிலுக்குத் திரும்ப வேண்டும். ஐந்து சுற்றை மறந்துவிட்டு, மெதுவாக மூடி (இறுக்காமல், தொட்டதும் நிறுத்தி), உங்கள் என்ஜினுக்குரிய பழைய மூன்றரைச் சுற்றுக்குத் திறவுங்கள். அதற்கு மேல் கால் சுற்று ரிச்சாக வைத்துத் தொடங்கலாம். கரையில் இனிமையாக ஓடும் அளவு தண்ணீரில் லீனாக இருக்கும். ஆகவே கரையில் புகையோடு கொஞ்சம் சோம்பலாக இருப்பதுதான் சரி. தண்ணீர் வராமல் ஹெட் குளிராது என்பதால் கரை ஓட்டம் பத்து வினாடியைத் தாண்ட வேண்டாம்.

தண்ணீரில் இரண்டு சுற்று முழு வேகத்தில் ஓட்டி, கொண்டுவந்து, அரைக்கால் சுற்று மட்டும் மூடி, மறுபடி இரண்டு சுற்று. புகைக்கோடு எல்லா நேரமும் பின்னால் தெரிய வேண்டும், கடைசி 30 மில்லியிலும்கூட. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: கம்பி புதிதுபோல் பளபளத்து ஈரமாக இருந்தால் இன்னும் ரிச். மங்கிய சாம்பல் நிறமாகி, சுருள் குலையாமல் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வளைந்தோ வெளுத்தோ இருந்தால் உடனே கால் சுற்று திறவுங்கள். குறைந்த வேக நீடிலுக்கு, சூடான என்ஜின் ஐட்லில் ஓடும்போது கார்புரேட்டருக்குப் பக்கத்தில் டியூபை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு மூன்று வினாடியில் வேகம் சற்றே ஏறி நின்றால் சரி. ஏறாமலே நின்றால் லீன், நெடுநேரம் ஏறிக்கொண்டே போனால் ரிச். படகை வேறொருவர் பிடித்துக்கொள்ளட்டும், ப்ரொப்பெல்லர் பக்கம் யாருடைய கையும் போகக்கூடாது. தீட்டிய உலோக இலை கத்தியேதான்.

குளிர்நீர் வெளியேறும் துளையிலிருந்து ஓடும்போது தாரை பீய்ச்சுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். அது நின்றாலும் இதே கீச்சுச் சத்தம் வரும், ஆனால் டேங்கை நிரப்பினால் சரியாகாது.

இத்தனைக்குப் பிறகும் முழு வேகத்தில் நன்றாக ஓடி, த்ராட்டிலை மூடினால் மட்டும் வேகம் இறங்க நேரம் எடுத்து ஏறி இறங்கினால், காற்று டேங்கில் இல்லை, என்ஜினிலேயே நுழைகிறது. கார்புரேட்டர் கிராங்க்கேஸில் உட்காரும் இடத்தின் ஓ-ரிங், பின்தகட்டின் கேஸ்கட், இவ்விரண்டிலும் ஐட்லில் ஓடும்போது இரண்டு சொட்டு எரிபொருளை விட்டுப் பாருங்கள். சொட்டு விட்டதும் வேகம் மாறுகிற இடம்தான் ஓட்டை. இரண்டு இடங்களிலும் மாறவில்லை என்றால், எந்த மட்டத்தில் நின்றது, குமிழி மணியா நுரையா, பிளக் கம்பியின் நிறம் என்ன, இந்த மூன்றையும் குறித்து எழுதுங்கள்.